விடுமுறைக்கும் ஒரு நியமம்

இல்லறத்தார்க்கு உரிய பன்னிரு விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பதும் ஒன்று. ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்ந்துபோவது போகம். உணவு, மாலை, சாந்து போன்றவை அவ்வகை. மீண்டும் மீண்டும் நுகரத்தக்கது உபபோகம். ஆடை, அணிகலன், படுக்கை முதலியன அவ்வகை. இவ்விரண்டிற்கும் தாமே ஓர் அளவை வரையறுத்துக்கொண்டு, அவ்வளவினுள் வாழ்வதே இவ்விரதம். நம் இல்லங்களில் இதனை அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஒரு காயையோ ஒரு சுவையையோ விடுவதாகவே பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். அதுவும் நன்றே. ஆயினும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுத் திட்டமே இவ்விரதத்தினுள் அடங்கியிருக்கிறது. விடுமுறை நாளைக் கடனின்றிக் கூடிக் கழிக்கும் வழியும் அதனுள் இருக்கிறது. அதனை இவ்விதழில் காண்போம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தை இரண்டாகப் பகுத்துள்ளார். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலவரையறை செய்துகொண்டு ஏற்பது நியமம். நியமத்திற்கு உரிய கால அளவுகளையும் அவரே வகுத்துத் தருகிறார்: இன்று ஒரு நாள், ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்ஷம், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட ஒரு பருவம், ஆறு திங்கள் கொண்ட ஓர் அயனம். எவற்றிற்கு வரையறை செய்யலாம் என்ற பட்டியலும் அந்நூலில் உண்டு. உணவு, வாகனம், படுக்கை, நீராட்டு, பூச்சுப்பொருள், மலர், வெற்றிலை, ஆடை, அணிகலன், இசை ஆகியன அதில் இடம்பெறுகின்றன. உணவிற்கு அடுத்தபடியாக வாகனம் நிற்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய குடும்பக் கணக்கேட்டைத் திறந்து பார்த்தாலும் ஏறத்தாழ இதே வரிசையைத்தான் காண்போம். இந்நூலின் வழி நின்று தமிழில் குறள் வெண்பாவால் இயன்ற அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் இருப்பதால், பிள்ளைகளை அதிலும் இப்பகுதியைப் பார்க்கச் சொல்லலாம்.

யமத்திற்கு யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1915ஆம் ஆண்டு அரித்துவாரில் கும்பமேளா நடந்தபோது, ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்றும், இருட்டிய பின் உண்பதில்லை என்றும் காந்தியடிகள் உறுதி பூண்டார். தம் பொருட்டுப் பிறர் விருந்து என்ற பெயரில் செய்த மிகையான செலவே அவரை அதற்குத் தூண்டியது. அத்தகைய வாழ்நாள் உறுதி எல்லார்க்கும் இயல்வதன்று. இல்லறத்தார்க்கு, அதிலும் வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு, ஏற்றது நியமமே. முடிவு நாள் தெரிந்த கட்டுப்பாட்டைப் பிள்ளைகள் ஏற்பர். முடிவே இல்லாத "வேண்டாம்" என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் ஏற்பதில்லை. வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து ஆவடித் தொழிற்சாலைகளையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் நாடி வந்த குடும்பங்கள் நம்முள் பல. ஊரில் இருந்தவரை விடுமுறை என்பது பாட்டியின் வீடு, கிணற்றில் நீச்சல், ஜினாலயத்து விழா என்று கழிந்தது. அதற்குத் தனிச்செலவு என்று ஒன்று இருந்ததாக யாரும் எண்ணியதில்லை. நகர்ப்புறத்திற்கு வந்தபின் விடுமுறைக்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டது. கோடையில் மலைவாழிடத்திற்குச் செல்லக் கடன், அதற்கு மாதத் தவணை, அத்தவணை முடியுமுன் அடுத்த கோடை என்று சுழல்வோரை ஆவடிப் பகுதியில் நாம் காண்கிறோம். பயணம் நான்கு நாள். தவணை பன்னிரண்டு மாதம். அப்பன்னிரண்டு மாதமும் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பணத்தைப் பற்றி வாதிடுவதைப் பிள்ளைகள் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டே வளர்கின்றனர். மலைவாழிடத்திற்குச் செல்வது குற்றம் என்று நாம் கூறவில்லை. கையில் பொருள் சேர்ந்தபின் செல்லலாம்.

வெள்ளானூரில் குடியிருக்கும் நால்வர் அடங்கிய ஒரு குடும்பத்தைக் கணக்கிற்காக எண்ணிக்கொள்வோம். வாரத்தில் மூன்று மாலைகளில் கடைப் பலகாரம், ஒவ்வொரு முறையும் 120 ரூபாய். வாரத்திற்கு 360 ஆயிற்று. வாரத்திற்கு ஒருமுறை கடையிலிருந்து வீட்டிற்கு வருவிக்கும் உணவு 450. நடந்து செல்லத்தக்க தொலைவிற்கும் இருசக்கர வண்டியை எடுப்பதால் வீணாகும் எரிபொருள் 100. ஆக வாரத்திற்கு 910 ரூபாய். எட்டு வாரங்களுக்கு 7,280 ரூபாய். இம்மூன்றையும் விடுவதால் எவர் வயிறும் காய்வதில்லை. இரவு எட்டு மணிக்கு வாயிற்கதவைத் தட்டும் அவ்வுணவுப் பொதியினால் செலவு ஒருபுறமிருக்க, இரவுண்ணாமையும் அன்றோ கெடுகிறது!

சிக்கனமும் உல்லாசமும் ஒன்றாக இயலுமா என்று கேட்போர்க்கு, டால்ஸ்டாய் பண்ணையின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோரின் குடும்பங்களைக் காப்பதற்குத் திங்கள்தோறும் தனித்தனியே பணம் அளித்து வந்த இயக்கத்தின் நிதி வறண்டது. அந்நிலையில் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக், 1910ஆம் ஆண்டு மே திங்களில், 1,100 ஏக்கர் கொண்ட தம் பண்ணையைக் கட்டணமின்றி அவர்கள் வாழ்வதற்கு விட்டுக்கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 கல் தொலைவிலிருந்த அப்பண்ணையில் குசராத்தியர், தெலுங்கர் ஆகியோருடன் தமிழ்க் குடும்பங்களும் ஒரே குடும்பமாக வாழ்ந்தன. காந்தியடிகள் இளமையில், 1891ஆம் ஆண்டு முதல், சமணப் பெருமகனார் இராயசந்த்பாயுடன் பழகியவர் என்பதை நம்மவர் நன்கறிவர்.

அப்பண்ணையில் ஒரு விதி இருந்தது. பொதுப்பணிக்காக நகருக்குச் செல்வோர் மட்டுமே இரயிலில் செல்லலாம். அதுவும் மூன்றாம் வகுப்பில்தான். உல்லாசமாகச் சென்றுவர விரும்புவோர் நடந்தே செல்ல வேண்டும். வீட்டில் செய்த உணவையே எடுத்துச் செல்ல வேண்டும். நகரில் உணவுக்கென்று ஒரு காசும் செலவிடக் கூடாது. இவ்விதி இல்லாதிருந்தால், நாட்டுப்புறத்தில் குடியேறியதால் மிச்சமானது முழுவதும் இரயில் கட்டணத்திலும் நகர உல்லாசத்திலும் கரைந்திருக்கும் என்று காந்தியடிகள் பின்னர் எழுதினார். அவர்கள் எடுத்துச் சென்றவை தவிடு நீக்காத கோதுமை மாவில் சுட்ட ரொட்டியும், வீட்டிலேயே அரைத்த நிலக்கடலை வெண்ணெயும், ஆரஞ்சுத் தோல் பாகுமே. இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு, ஆறு ஏழு மணி நேரத்தில் நகரை அடைவர். மிகக் குறைந்த நேரத்தில் நடந்து முடித்தவர் 4 மணி 18 நிமிடத்தில் சென்றடைந்தாராம். நேரத்தைக் குறித்துவைத்துப் போட்டியிட்டு நடந்தவர்கள் அதனைத் துன்பமாக எண்ணியிருக்க இயலுமா? பிள்ளைகளும் அவ்வாழ்வை மகிழ்ந்தே ஏற்றனர் என்பதைக் காந்தியடிகளின் எழுத்தில் காண்கிறோம்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பண்ணையில் உல்லாசப் பயணம் தடை செய்யப்படவில்லை. அதற்கும் ஓர் அளவு வகுக்கப்பட்டது. நம் வீடுகளிலோ செலவைக் குறைக்க முற்பட்டவுடன் முதலில் விடுமுறைப் பயணத்தை அடியோடு நீக்குகின்றனர். மாலைப் பலகாரமும் வண்டியும் அப்படியே இருக்கும்! பின்னர் ஏக்கம் முற்றி, ஒருநாள் கடனாக வெடிக்கிறது. ஆகவே நியமம் ஏற்கும் நாளிலேயே, விடுபவற்றோடு செல்லவிருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

காலம் எது? ஆவணி, புரட்டாசி என்னும் கார்ப்பருவத்தை நாம் பரிந்துரைப்போம். தசலட்சணப் பருவம் அக்காலத்தை ஒட்டி வரும். பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் அதனுள் அடங்கும். முடிந்தவுடன் ஐப்பசியில் வீர நிர்வாண நாளாகிய தீபாவளி வரும். நால்வரும் கூடி அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான ஒன்றைத் தாமே கூறி விட வேண்டும். தந்தை பிள்ளையின் பொருளைக் கூறுவதும், கணவன் மனைவியின் பொருளைக் கூறுவதும் விரதமாகாது. எழுதும் ஏட்டைப் பதின்வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். கணக்கெழுதும் பிள்ளை கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். நாம் குறைக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு செலவுகளில் மட்டும் கைவைத்தல் ஆகாது. ஒன்று தானம். திங்கள்தோறும் ஆலயத்திற்கோ அறவோர்க்கோ எளியோர்க்கோ அளித்துவந்த தொகையைக் குறைத்துச் சேமிப்பது, ஒரு விரதத்தை விற்று மற்றொரு விரதத்தை வாங்குவதற்கு ஒப்பாகும். மற்றொன்று இல்லத்தலைவியின் தட்டு. வீட்டில் சிக்கனம் என்றவுடன் பாலைத் தனக்கு நிறுத்திக்கொள்பவளும், கிழிந்த செருப்பைத் தைத்துப் போடுபவளும், கண் மருத்துவரிடம் செல்வதை அடுத்த மாதத்திற்குத் தள்ளுபவளும் அவளே. பிறர் இதனைக் காண்பதுமில்லை. இதனைத் தியாகம் என்று போற்றிப் பேசுவோர் உளர்; நாம் அவ்வாறு போற்ற மாட்டோம். ஏட்டில் எழுதப்படாத குறைப்பு எதுவும் கூடாது என்பதை நியமத்தின் முதல் விதியாகவே எழுதுக.

இனிப் பயணம். வெள்ளானூரிலிருந்து அரைநாளில் சென்றுவரத் தக்கது புழல் ஆதிநாதர் ஆலயம். முழுநாள் பயணத்திற்குக் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் உள்ளது. பூந்தமல்லி வழியாகப் பேருந்தில் செல்லலாம். ஆவடியில் புறநகர் இரயில் ஏறி, அரக்கோணத்தில் செங்கல்பட்டுத் தடத்து வண்டிக்கு மாறியும் காஞ்சிபுரத்தை அடையலாம். அத்தடத்தில் வண்டிகள் சிலவே ஆதலின் நேரத்தையும், ஆலயம் திறந்திருக்கும் வேளையையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை, விசயநகர அமைச்சரும் புட்பசேன முனிவரின் மாணாக்கருமாகிய இருகப்பர் 1387ஆம் ஆண்டில் எடுப்பித்தார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் செய்து, ஆதிநாதர் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அவ்வாலயத்தில் உள்ள குராமரத்தைக் காணாமல் திரும்பக் கூடாது. தன் அளவிற்குக் குறையாமலும் அதனைக் கடந்து உயராமலும் நிற்பது என்று அம்மரத்தைப் போற்றும் செய்யுள் ஒன்று அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. பரிமாணம் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய வழி நமக்குத் தோன்றவில்லை.

உணவைக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும்; வடிகட்டிய நீரும் வீட்டிலிருந்தே செல்லும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கமே ஒரு வேளை உணவகச் செலவைத் தவிர்த்துவிடுகிறது. ஆனால் அக்கட்டுச்சோற்றை யார் ஆக்குவது? விடியற்காலை மூன்று மணிக்குத் தாய் மட்டும் எழுந்து புளியோதரை கிளறி, மாலையில் திரும்பி வந்து பாத்திரங்களைத் துலக்கும் நாளை அவளுக்கு விடுமுறை என்று எப்படிக் கூறுவது? முன்மாலையே புளிக்காய்ச்சலைத் தந்தை செய்யட்டும்; காலையில் பிள்ளைகள் கலந்து கட்டட்டும்; வந்தபின் மகன் துலக்கட்டும். சுவை சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

காஞ்சிப் பயணத்திற்கு 1,000, புழலுக்கு 300 என்று கொண்டால், முன்னர்க் கண்ட 7,280 ரூபாயில் 5,980 எஞ்சும். அதனைப் பழைய கடனின் அசலில் செலுத்துவதே முறை.

இவ்விரதத்திற்குச் சமந்தபத்திரர் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். புலனுகர்ச்சியை நஞ்சென ஒதுக்காமை, முன்பு நுகர்ந்ததை எண்ணி எண்ணி உருகுதல், நுகர்வதில் மிக்க வேட்கை, இனி நுகரவிருப்பதில் பேரவா, நுகரும்போது அதிலேயே மூழ்கிவிடுதல் என்பன அவை. பொருள் வரைதல் விரதத்திற்கு உரிய ஐந்தனுள் பிறர் வளம் கண்டு வியத்தலும் ஒன்று. கைப்பேசியில் உறவினரின் பயணப் படங்களை இரவெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்து ஏங்குவது இவற்றுள் எதில் சேரும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்றிலாவது சேர்ப்பர்.

பள்ளி திறந்தவுடன் "விடுமுறையில் யான்" என்று கட்டுரை எழுதச் செய்வது ஆசிரியர் வழக்கம். அத்தகைய ஏடுகளை ஆண்டுக்கணக்கில் திருத்தியிருக்கிறோம். தந்தை எவ்வளவு செலவிட்டார் என்று ஒரு பிள்ளையும் எழுதியதாக நினைவில்லை. யாருடன் சென்றோம், தம்பி எங்கே வழுக்கி விழுந்தான், தாத்தா என்ன கதை சொன்னார் என்பவையே பக்கங்களை நிரப்பும்.

புரட்டாசி இறுதி நாளன்று ஏட்டை நால்வரும் கூடிப் படித்து நியமத்தை முடித்துக்கொள்க. விட்டவற்றுள் எதனை மெய்யாகவே வேண்டியிருந்தது என்று ஒவ்வொருவரும் கூறலாம். அதனை மீண்டும் கொள்வதில் குற்றமில்லை. எவரும் நினைக்காமலே போனவற்றின் பெயர்களை அடுத்த பக்கத்தில் எழுதி, அயனம் என்று தலைப்பிட்டு, தை முதல் நாளுக்கு எடுத்துவைக்கலாம்.