அழித்தாலும் தடம் இருக்கும்

நம்ம வழக்குக்கான ஆதாரம் எதிராளியின் கம்ப்யூட்டரில் இருந்தால் என்ன செய்வது? நான் படித்ததைச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் லாரா ஜூபுலேக் என்பவர், பெண் என்பதால் தன்னிடம் பாகுபாடு காட்டினார்கள் என்று, தான் வேலை பார்த்த யூ.பி.எஸ். நிறுவனம் மீது 2002-ல் வழக்குப் போட்டார். அங்குள்ள மின்னஞ்சல்களைக் கேட்டார். பழைய டேப்புகளில் தேட ரொம்பச் செலவாகும் என்றது நிறுவனம். முக்கால் செலவு நிறுவனத்துக்கு, கால் செலவு அவருக்கு என்று 2003-ல் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் பிரித்துக் கொடுத்தார்.

தேடியபோதுதான் ஊழியர்கள் சில மின்னஞ்சல்களை அழித்தது தெரிந்தது! தொலைந்துபோனவை நிறுவனத்துக்குப் பாதகமானவை என்றே ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என்று 2004-ல் நீதிபதி சொல்லிவிட்டார். 2005-ல் லாரா ஜெயித்தார். இழப்பீடும் அபராதமுமாக ஜூரி கொடுக்கச் சொன்னது சுமார் 2.9 கோடி டாலர்!

ரப்பரால அழிச்சாலும் தாள்ல தடம் இருக்கும்ல? அதுமாதிரிதான். வழக்கு வரும்னு தெரிஞ்சா யாரும் எதையும் அழிக்கக் கூடாது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி