பூஞ்சை பிடித்த படுதாவும் சாரணர் கூடாரமும்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. ஆண்டு விழா ஒத்திகைக்காகப் பொருள் வைப்பறையைத் திறந்தோம். கோட்டை மதில் வரைந்த நாடகப் படுதாவையும் அதனடியில் இருந்த சாரணர் கூடாரங்களையும் மாணவர்கள் உற்சாகமாக இழுத்து வந்து வராந்தாவில் உதறினார்கள். சாம்பல் நிறத் தூள் பறந்தது. மக்கிய வாடை அடித்தது. இரண்டே நிமிடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மூச்சுவிடச் சிரமப்பட்டார். அவருக்கு ஏற்கெனவே வீசிங் தொந்தரவு உண்டு. உடனே காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, அவரது இன்ஹேலரைக் கொடுத்தோம். நல்லவேளை, சற்று நேரத்தில் சரியானது.

“சார், இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். எங்கள் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மாணவர்களோடு சேர்ந்து பல மாலைப்பொழுதுகள் செலவிட்டு வரைந்த படுதா அது. எறிய மனம் வரவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் மூச்சைவிடப் படுதா பெரிதல்ல. இரண்டையும் காப்பாற்ற என்ன செய்தோம் என்பதை, பருத்திக் கித்தான் பொருள்களை வைத்திருக்கும் பள்ளிகளுக்காக இங்கே பகிர்கிறேன்.

பூஞ்சை ஏன் வருகிறது?

கித்தான் என்பது கெட்டியாக நெய்த பருத்தித் துணி. பருத்தியில் பெரும்பகுதி செல்லுலோஸ். அது பல பூஞ்சைகளுக்கு உணவு. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. அவை முளைப்பதற்குத் தேவை ஈரம் மட்டுமே. நனைந்த துணியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் வளர்ச்சி தொடங்கிவிடும். படுதாவில் பூசிய வண்ணத்தில் இருக்கும் பசையும், துணியில் படிந்த தூசியும் கூட அதற்கு உணவாகின்றன.

இதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைவாக மக்கிப்போயின. காரணம் தேடியவர்கள் அந்தத் துணியிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் பெயரால் அது பின்னாளில் டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் பெற்றது. செல்லுலோஸைச் சிதைக்க அது சுரக்கும் நொதிகளை, ஜீன்ஸ் துணிக்குப் பழகிய தோற்றம் தரவும், பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் தயாரிக்கவும் இன்று தொழிற்சாலைகள் பயன்படுத்துகின்றன. நொதிகள் பற்றிய பாடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடாரத்தில் கரும்புள்ளிகளைக் கண்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊற வைத்தேன். துணி வெண்மையானது, மகிழ்ந்தேன். அடுத்த முகாமில் கயிற்றை இழுத்துக் கட்டியதும் ஓரம் கிழிந்தது. பிளீச்சிங் பவுடர் கறையை மட்டும் தாக்குவதில்லை. செல்லுலோஸையும் ஆக்சிஜனேற்றம் செய்து இழைகளைப் பலவீனமாக்கும். வண்ணம் தீட்டிய துணியென்றால் நிறமும் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடருடன் வினிகரையோ, கழிவறை கழுவும் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

சுத்தம் செய்யும் முறை

பூஞ்சைத் தூளை அகற்றும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் வரக் கூடாது. என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

1. துணியை உதறாமல் மெதுவாக வெளியே எடுத்துச் சென்று, மாணவர்கள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில் விரியுங்கள். ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதில் கிழிந்தால் இழை மக்கிவிட்டது. அதைப் பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துவதே நல்லது.

2. இரண்டு மூன்று மணி நேரம் காலை வெயிலில் காய விடுங்கள். படுதாவாக இருந்தால் வண்ணம் தீட்டிய பக்கம் வெயிலுக்கு மறுபுறம் இருக்கட்டும். நாள்கணக்கில் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், நூலும் பலமிழக்கும்.

3. நன்றாக உலர்ந்த பிறகே மென்மையான பிரஷ்ஷால் தட்டாமல், ஒரே திசையில் துடையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சை இழைகளுக்குள் இன்னும் அழுந்தும்.

4. வண்ணத்தைச் சோதியுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, படுதாவின் மூலையில் அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். நிறம் ஒட்டி வந்தால் அது பசையில் குழைத்த தூள் வண்ணம். அதற்குத் தண்ணீரே ஆகாது, உலர் சுத்தம் மட்டும் போதும். எனாமல், அக்ரிலிக் வண்ணங்கள் பெரும்பாலும் ஒட்டி வருவதில்லை.

5. நிறம் ஒட்டாத இடங்களில், மிதமான சோப்புக் கரைசலில் நனைத்து நன்கு பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றித் துடையுங்கள். பிறகு சுத்தமான நீரில் நனைத்த துணியால் சோப்பு போகும்வரை துடைத்து எடுங்கள். சலவைத் தூள் வேண்டாம். கூடாரத் துணியில் உள்ள நீர்புகாப் பூச்சை அது அகற்றிவிடும்.

6. வண்ணம் இல்லாத கூடாரத் துணியில், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து தடவலாம். இது எல்லாப் பூஞ்சைகளையும் கொல்லாவிட்டாலும் வளர்ச்சியைத் தடுக்க உதவும். சுண்ணாம்பு கலந்த வண்ணத்தின் மேல் மட்டும் வினிகர் படக் கூடாது. அமிலமும் கார்பனேட்டும் வினைபுரிந்து வண்ணம் உதிரும்.

7. இருபுறமும் காற்றுப் படும்படி கொடியில் தொங்கவிட்டு, தையல் மடிப்புகள் வரை முழுமையாக உலர்த்துங்கள். தையலில்தான் ஈரம் ஒளிந்திருக்கும்.

பூஞ்சை இறந்த பிறகும் அதன் நிறமி துணியில் தங்கிவிடலாம். கரும்புள்ளி போகவில்லை என்பதற்காக மேலும் மேலும் தேய்க்க வேண்டாம். வாடை நின்று, தூள் வராமல் இருந்தால் போதும்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

நான்கு சிறிய பருத்தித் துணித் துண்டுகளை எடுங்கள். ஒன்று உலர்ந்தது, ஒன்று நீர் தெளித்தது, ஒன்று நீர் தெளித்து மாவு தடவியது, ஒன்று நனைத்து முழுமையாகக் காய வைத்தது. ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, பெயரெழுதி வையுங்கள். மாணவர்கள் இரண்டு வாரங்கள் தினமும் பார்த்து அட்டவணையில் குறிக்கட்டும். எதில் முதலில் பூஞ்சை தெரிகிறது, ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும். பைகளை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, முடிந்ததும் அப்படியே அப்புறப்படுத்த வேண்டும்.

எங்கள் வகுப்பில் நான்காவது பைதான் நல்ல விவாதத்தைத் தந்தது. “நனைஞ்சது தப்பில்ல சார், காயாம மடிச்சதுதான் தப்பு” என்றாள் ஒரு மாணவி. கட்டுரை முழுவதையும் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மீண்டும் வராமல் இருக்க

முகாமிலிருந்து ஈரக் கூடாரத்தோடு திரும்ப நேர்ந்தால், மறுநாளே விரித்து உலர்த்துங்கள். படுதாவை மடிக்காதீர்கள், மடிப்பில் வண்ணம் வெடிக்கும். ஒரு பிவிசி குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டி, பழைய பருத்திப் போர்வையால் சுற்றுங்கள். பாலித்தீன் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். தரையிலும் சுவரிலும் படாமல் பெஞ்சின் மேல் வையுங்கள். வேப்பிலை பூச்சிகளை விரட்டலாம், ஆனால் ஈரத்தை நீக்காது. செப்டம்பரில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

எங்கள் படுதாவின் அடிப்பகுதியில் சில கறைகள் போகவேயில்லை. துணி நன்கு உலர்ந்த பின், மாணவர்கள் அந்த இடங்களில் புதர்களும் செடிகளும் வரைந்துவிட்டார்கள். ஆண்டு விழாவில் கோட்டை மதில் மீண்டும் நின்றது. அன்று மூச்சுத் திணறிய மாணவிதான் அதன் முன் நின்று வரவேற்புரை சொன்னார். உங்கள் பள்ளி வைப்பறையிலும் அப்படியொரு சுருள் இருக்கலாம். மாணவர்களைத் திறக்கச் சொல்வதற்கு முன், நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.