வாய்ப்புண்ணும் புற்றுநோயும்: நாம் அறிய வேண்டியவை

வெற்றிலை பாக்கின்றி நம் மங்கல நிகழ்வுகள் நிறைவு பெறுவதில்லை. கெடா, யான் வட்டாரத் தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டிக்கோ அது அன்றாடப் பழக்கம். பள்ளி விட்டு வந்ததும் சிறு உரலில் அவருக்குப் பாக்கு இடித்துத் தருவது என் வேலை. கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்தபோது, சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும் என்றே எண்ணினோம். மாதங்கள் கழித்து மருத்துவமனைக்குச் சென்றோம். 'மூன்றாம் நிலைப் புற்றுநோய்' என்றார் மருத்துவர். அந்த 'மூன்று' என்ற எண்ணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டி என்ன செய்கிறது?

உடலின் உயிரணுக்கள் தேவைக்கேற்பப் பெருகி, காலம் முடிந்ததும் மடிகின்றன. இக்கட்டுப்பாடு குலையும்போது கட்டி உருவாகிறது. சாதாரணக் கட்டி தோன்றிய இடத்திலேயே வளரும். புற்றுக்கட்டியோ அண்டைத் திசுக்களுக்குள் ஊடுருவும். வாயில் வந்தால் தாடையெலும்பை அரிக்கும். மெல்லவும் விழுங்கவும் இயலாமல் உடல் மெலியும். நிணநீர் வழியே கழுத்துக் கணுக்களுக்கும், இரத்தம் வழியே நுரையீரலுக்கும் பரவக்கூடும்.

நிலையை எப்படிக் கணிக்கிறார்கள்?

முதலில் புண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். புற்று என உறுதியானால், ஸ்கேன் உதவியுடன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவர்.

1. கட்டியின் அளவும் ஆழமும் எவ்வளவு?
2. கழுத்துக் கணுக்களுக்குப் பரவியுள்ளதா?
3. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா?

இதுவே டி.என்.எம். முறை. 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல், எங்கும் பரவாமல் இருந்தால் முதல் நிலை. பாட்டிக்குக் கழுத்தில் ஒரு கணுவுக்குப் பரவியிருந்தது. ஆகவே மூன்றாம் நிலை.

நாம் செய்யக்கூடியது

புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்பர் பலர். புகையிலையற்ற வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவம் 2003-இல் அறிவித்தது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே மிகுதியாகக் காணப்படுவதற்கு இப்பழக்கம் முக்கியக் காரணமாகும்.

கேரளாவில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் செய்தது கண்ணால் பார்த்ததுதான்!

வாசகர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பெரியோரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெண்திட்டு, செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே அரசாங்கப் பல் மருத்துவகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் பக்கத்திலேயே அமர்ந்து பாக்கு இடித்த நான், ஒரு நாளும் அவர் வாய்க்குள் பார்த்ததில்லை.