மருந்துக்கும் ஒரு தேர்வு

வேலியே பயிரை மேய்ந்தாற்போல, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய் முடக்குவாதம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் ஊசி போட, நடக்கவே திணறிய பெண்மணி சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் அவர் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆயினும் பிரிட்டிஷ் மருத்துவர்கள், நோயின் தொடக்கநிலையிலிருந்த 61 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒன்றுக்குக் கார்ட்டிசோனும் மற்றதற்கு மலிவான ஆஸ்பிரினும் கொடுத்தனர். ஓராண்டு கழித்தும் பெரிய வேறுபாடில்லை என 1954-இல் அறிவித்தனர்.

இந்நோய் தானாகவே ஏறும், இறங்கும். ஆகவே குணம் கண்டவுடன் மருந்தைப் போற்றிவிட முடியாது; ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். கார்ட்டிசோனை நெடுநாள் உட்கொண்டால் எலும்பு வலுவிழக்கும் என்பதையும் எண்ணினால் அச்சோதனையின் அருமை புரியும். மாணவ நண்பர்களே, நோபல் பரிசு பெற்றுத் தந்த மருந்துக்கும் நம்மைப்போல் தேர்வு உண்டு என்பதே நான் கற்ற பாடம்.