மூன்றாவது ஒயர் எந்த வழியில்?

இதயத்தின் பம்பிங் 35 சதவீதமோ அதற்கும் கீழோ இருக்கிறது. இசிஜியில் இடது கிளைத் தடை (இடப்பக்கத்துக்கு மின்துடிப்பு தாமதமாகப் போவது), கியூஆர்எஸ் அகலம் 150 மில்லிசெகண்டுக்கு மேல். மருந்தை முறையாகச் சாப்பிட்டும் மூச்சிரைப்பு விடாதவரிடம் டாக்டர் இதயத்தின் இரு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைக்கும் ‘சிஆர்டி’ பேஸ்மேக்கர் பற்றிப் பேசுவார். வலப்பக்க அறைகளுக்கு லீட் (ஒயர்) போடுவது பழகிய வேலை. இடது கீழறைக்கான மூன்றாவது லீட்தான் ஆட்டம் காட்டும்.

வழக்கமான பாதை கரோனரி சைனஸ் என்னும் இதயச் சிரை. வீங்கிய இதயத்தில் அதன் வாய் இடம் மாறியிருக்கும். தேடுவதற்குள் எக்ஸ்ரே சாயம் கூடுதலாகச் செலவாகும். சிறுநீரகம் பழுதாகி கிரியாட்டினின் ஏறியவருக்கு அதுவே தொல்லை. சிரையின் உட்சுவர் கிழியலாம், பொருத்திய லீட் பின்னால் நழுவலாம். இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பக்கத்தில் ஓடும் உதரவிதான நரம்பையும் மின்துடிப்பு தொட்டுவிட்டால், விக்கல்போல வயிறு தூக்கிப்போடும். சிலருக்கு ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்தபோது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் இடப்பக்கம் ஒருக்களித்ததும் ஆரம்பிக்கும். இந்த வழிதான் என்றால் நான்கு மின்முனை லீட் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு முனை நரம்பைச் சீண்டினால், மறுபடி கத்தி வைக்காமல் புரோகிராமரிலேயே வேறு முனைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, சீனாவின் வென்ஜோ நகர மருத்துவர் ஹுவாங் வெய்ஜியான் குழு 2017-இல் வெளியிட்டது இடது கிளை பேசிங். லீடை நடுச்சுவருக்குள் திருகி, இதயத்தின் சொந்த மின்பாதையையே பிடிப்பது. சிரையைத் தேட வேண்டாம், சாயமும் குறைவு. ஆனால் கூடுதலாகத் திருகினால் சுவரைத் துளைத்து இடது அறைக்குள் போய்விடும். மாரடைப்பால் நடுச்சுவர் தழும்பேறியவருக்குத் திருகு இறங்காமலும் போகலாம். பல வருடம் கழித்து வெளியே எடுப்பதில் அனுபவம் இன்னும் குறைவு. இதில் கை தேர்ந்தவர் இருந்தால் நான் இதன் பக்கம் சாய்வேன். இல்லாவிட்டால் பழைய வழியே மேல்.

விலாவில் கீறி லீடை இதயத்தின் வெளிப்புறம் பதிப்பதும் உண்டு. முழு மயக்கம் வேண்டும். முதலிரண்டும் கைகொடுக்காதபோது, அல்லது பைபாஸுக்கு மார்பைத் திறக்கும்போது மட்டும்.

முதலிரண்டு வழிகளிலும் லீடைச் சிரைக்குள் நுழைக்கக் காலர் எலும்புக்கடியில் ஊசி குத்தினால் நுரையீரலில் பட்டுக் காற்று கசியும் அபாயமுண்டு. தோளருகே சிரையைத் திறந்து நுழைப்பதில் அது இல்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். கனடா மருத்துவர்களின் 2013 ஆய்வில், அதை நிறுத்தி ஹெப்பரின் போட்டவர்களில் 16 சதவீதத்தினருக்கு பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் பெரிதாக ரத்தம் கட்டியது, நிறுத்தாதவர்களில் 3.5 சதவீதம்தான். அப்படிக் கட்டினால் பக்கத்துக் கிளினிக்கில் ஊசியால் உறிஞ்ச விடாதீர்கள், கிருமி உள்ளே போய்விடும். பேஸ்மேக்கர் வைத்தவரிடமே காட்டுங்கள்.