அப்பா அக்கவுண்ட்ல வர்ற 2,000 ரூபாய்: நீங்க வரி கட்டினா நின்னுடுமா?

ஊர்ல அப்பாவுக்கு பி.எம். கிசான் பணம் வருது, நீங்க சிட்டியில வேலை பார்த்து டிடிஎஸ் கட்டுறீங்க. "பையன் வரி கட்டினா பணத்தை நிறுத்திடுவாங்களாம்"னு ஊர்ல யாரோ சொல்ல, அம்மா பயந்து போன் பண்றாங்க. என்ன பதில் சொல்வீங்க?

முதல்ல அடிப்படை. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய். நாலு மாசத்துக்கு ஒரு தவணையா, தலா 2,000 ரூபாய், நேரா வங்கிக் கணக்குக்கு வரும். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டம், ஆரம்பத்தில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அதே வருஷம் அந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க.

இப்ப முக்கியமான இடம். கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் குடும்பத்தில் இருந்தால் பணம் கிடையாது. ஆனா இந்தத் திட்டத்தில் "குடும்பம்"னா கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும்தான். உங்களுக்கு வயசு 25. நீங்க அப்பாவோட "குடும்பத்தில்" இல்லை! நீங்க கட்டுற வரியால அவர் பணம் நிற்காது. அம்மாவிடம் தைரியமா சொல்லுங்க.

சரி, எப்போ சிக்கல் வரும்?

1. பட்டா உங்க பேர்ல இருந்து, பணமும் உங்க பேர்ல வந்தா: நீங்க வரி கட்டுறவர், அதனால தகுதி இல்லை.

2. அப்பா பேர்லயும் அம்மா பேர்லயும் தனித்தனி பட்டா இருந்தா: ரெண்டு பேரும் வாங்கக்கூடாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பலன்தான்.

3. அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியரா இருந்தா, இல்ல மாசம் 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ஓய்வூதியம் வாங்கினா: தகுதி இல்லை. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

4. பயனாளி இறந்துட்டா: அந்தக் கணக்கில் தொடர்ந்து பணம் வாங்கக்கூடாது. நிலம் வாரிசு பேருக்கு மாறின பிறகு, தகுதி இருந்தா அவர் புதுசா விண்ணப்பிக்கணும்.

"2,000 ரூபாய்தானே, யாரு பார்க்கப் போறாங்க?"ன்னு விட்டுடாதீங்க. மூணு வருஷம் தகுதியில்லாம வாங்கினா 18,000 ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். 2020-ல் தமிழ்நாட்டில் விவசாயிகளே இல்லாத பல லட்சம் பேரைப் பட்டியலில் சேர்த்த மோசடி வெளியே வந்து, அரசு அவங்க கணக்குகள்ல இருந்து பணத்தைத் திரும்ப எடுத்தது. அதில் பலர், இடைத்தரகர் சொன்னதை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்தவங்க.

அடுத்த முறை ஊருக்குப் போறப்ப அரை மணி நேரம் ஒதுக்குங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அப்பாவோட இ-கேஒய்சி முடிஞ்சதா, ஆதார் வங்கிக் கணக்கோட இணைஞ்சிருக்கான்னு பாருங்க. இந்த ரெண்டும் சரியா இல்லாததால தகுதி இருந்தும் தவணை நின்னு போனவங்க உண்டு. சந்தேகம்னா வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்க. ஓடிபி-யை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம்னு அப்பாகிட்ட அழுத்திச் சொல்லுங்க.

உங்க சம்பளத்துக்கு 2,000 ரூபாய் சின்னதா தெரியலாம். ஆனா விதைக்கும் உரத்துக்கும் பிள்ளைங்ககிட்ட கை நீட்டாம இருக்க, அப்பாவுக்கு அது பெரிய பலம். அது சரியா வருதான்னு பார்த்துக்கிறது நம்ம பொறுப்பு.