உப்புக்காற்றுக்கு எந்த முலாம்?

பாலாவியில் எங்கள் வீட்டுக் கேற்றுக்கு மஞ்சளாய் மினுங்கிய போல்ட்டுகளை வாங்கிப் பூட்டினேன். "நாக முலாம் போட்டது, ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். முதல் சோளகம் ஓய்வதற்குள் போல்ட் தலைகளில் வெள்ளைத் தூள் பூத்தது. உப்பென்று நினைத்துத் தேய்த்தேன். நாகம்தான் அரித்துப் பொடியாகியிருந்தது. அடுத்த சோளகத்தில் மரைக்கு அடியிலிருந்து கறள் கசிந்து, சுண்ணாம்புத் தூணில் தேத்தண்ணீர் சிந்தியது போல் கோடு இழுத்துவிட்டது.

அவர் சொன்னது பொய்யில்லை. முலாம் எத்தனை தடிப்பு என்று நான்தான் கேட்கவில்லை. மின்முலாமிட்ட போல்ட்டில் நாகம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்கிரோன்தான் இருக்கும். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உப்புக்காற்று நேரே அடிக்கும் கரையில் நாகம் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்கிரோன் வரை தேயும் என்பது ஐஎஸ்ஓ 9223 தரநிலையின் கணக்கு. கழித்துப் பார்த்தால் என் கேற்றின் கதை விளங்கும்.

ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் உருகிய நாகத்தில் தோய்த்தெடுப்பதுதான் கல்வனைஸ். 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உருக்கில் அதன் பூச்சு சராசரி 85 மைக்கிரோன். அதே காற்றில் பத்து வருடமாவது தாங்கும். பார்க்கச் சாம்பல் நிறம், சொரசொரப்பு, அழகென்று ஒன்றுமில்லை. ஆனாலும் கற்பிட்டி வாடியின் கூரைச் சட்டமோ இறால் பண்ணையின் தாங்கியோ என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பைபர் வள்ளத்தில் எஞ்சின் பூட்டும் போல்ட்டுக்கு முலாமே வேண்டாம். 316 ரகத் துருப்பிடிக்கா உருக்கை வாங்குங்கள். 304 மலிவு, ஆனால் 316இல் உள்ள 2 முதல் 3 வீத மொலிப்டினம் அதில் இல்லை. உப்பின் அரிப்புக்கு ஈடுகொடுப்பது அந்த மொலிப்டினம்தான்.

இனி, முலாம் பட்டறை வைத்திருப்பவர்கள் அண்மைக்காலமாகக் கேட்கும் 'அயன் திரவம்'. உப்பளத்துக்காரருக்கு இது தலைகீழ்ச் சங்கதி. நமக்குத் தண்ணீர் வற்றினால்தான் உப்பு. இங்கே உப்பே தண்ணீரில்லாமல் திரவமாக நிற்கிறது. கறியுப்பு உருக 801 பாகை வேண்டும். அயன் திரவத்தின் அயன்கள் பெரியவை, கோணல்மாணலானவை; ஒழுங்காக அடுக்குப்படாததால் 100 பாகைக்குக் கீழேயே, சிலது அறை வெப்பத்திலேயே, உருகிக் கிடக்கும்.

இதனால் என்ன இலாபம்? அலுமினியத்தை நீர்க்கரைசலிலிருந்து முலாமிட முடியாது. அலுமினியம் படியுமுன் தண்ணீர் பிரிந்து ஐதரசன் கிளம்பிவிடும். அந்த ஐதரசன் வேறு முலாம்களின்போதும் வன்மையான உருக்குக்குள் புகுந்து, போல்ட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் முறிய வைக்கும். தண்ணீரே இல்லாத இடத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. 1951இலேயே ஹர்லி, வியர் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த வழியில் அலுமினிய முலாம் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் அதற்கு உதவும் அலுமினியம் குளோரைட்டு வகைத் திரவம் ஈரக்காற்றுப் பட்டதும் ஐதரோகுளோரிக் அமிலப் புகை கக்கும். உலர்ந்த நைதரசன் நிரப்பிய மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யலாம். உப்புப் போத்தலே கசிந்து ஒழுகும் இந்தக் கரையில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

இன்னொரு வகைத் திரவம் சாதுவானது. 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அன்ட்ரூ அபொட் குழு வெளியிட்ட கலவை: கோழித்தீனில் சேர்க்கும் கோலின் குளோரைட்டும் வயலுக்கு எறியும் யூரியாவும். தனித்தனியே 302, 133 பாகையில் உருகும் இரண்டையும் 140 கிராமுக்கு 120 கிராம் என்று கலந்து இளஞ்சூட்டில் கிளறினால் தெளிந்த திரவமாகும். உருகுநிலை 12 பாகைக்கு இறங்கிவிடும். கண்டிப்பான ஆட்கள் இதை அயன் திரவம் என்று ஒப்பமாட்டார்கள், ஒன்றுவிட்ட சகோதரம் என்பார்கள். இதில் அலுமினியம் படியாது. நாகம், செம்பு, நிக்கல் படியும், சயனைட்டு தேவையில்லை. குறை, கித்துள் பாணி போன்ற அதன் தடிப்பு. அயன்கள் மெல்ல நகரும், முலாமும் மெல்லத்தான் ஏறும். யூரியாவுக்குப் பதில் ரேடியேற்றர் கூலன்டில் வரும் எதிலீன் கிளைக்கோல் சேர்த்தால் நன்றாக இளகும்.

மோட்டார் சைக்கிள் உதிரிக்குக் குரோம் போடும் பட்டறைக்கு என் யோசனை இது: புற்றுநோய் தரும் ஆறுவலுக் குரோமியத்தை விடத்தான் வேண்டும், ஆனால் அதற்கு மூவலுக் குரோமிய நீர்த்தொட்டியே போதும். அது சந்தையில் ஏற்கெனவே உண்டு. கோலின் கலவையை ஒரு கண்ணாடி முகவையில் வைத்துப் பழகிப் பாருங்கள், தொட்டி கட்டிவிடாதீர்கள். எதில் முலாமிட்டாலும் கழுவிய தண்ணீரில் உலோகம் இருக்கும். அது களப்புக்குப் போகக்கூடாது.

போன மாதம் கேற்றுக்குக் கல்வனைஸ் போல்ட் வாங்கினேன். வீட்டில் இருந்த பழைய நட் இரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிட்டது. தடித்த பூச்சுக்கு இடம்விட்டு மரை வெட்டிய நட் வேண்டுமாம். மறுபடியும் கடைக்குப் போனேன்.